சட்டையைச் சீக்கிரமாக, கசங்காமல் மடிப்பது எப்படி?

முத்தியால்பேட்டை வாசி:
வாரம் முழுக்க சென்னையில் வேலை, சனி ஞாயிறு மட்டும் புதுச்சேரி. ஞாயிறு சாயந்தரம் இஸ்திரி வண்டியில் 5 சட்டை வாங்கி அப்படியே பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுகிறேன். மறுநாள் எடுத்தால் காலர் நசுங்கி, வயிற்றுக்குக் குறுக்கே அழுத்தமாக ஒரு கோடு. நானே மடித்துப் பார்த்தேன், ஒரு சட்டைக்கு மூன்று நிமிடம் ஆகிறது, அப்படியும் ஒன்று அகலம், ஒன்று ஒல்லி. கடையில் எப்படி மடிக்கிறார்கள்?

ஜவுளிக்கடை அனுபவம்:
நேரு வீதியில் ஒரு கடையில் சட்டைப் பிரிவில் இருந்தேன். ஒருவர் 10 சட்டை பிரித்துப் பார்த்து ஒன்று எடுப்பார், மீதி ஒன்பதையும் அடுத்த ஆள் வருவதற்குள் மடித்தாக வேண்டும். மேல் பட்டன், நடுவில் ஒன்று, கீழே ஒன்று போதும், ஆனால் மேல் பட்டனை விட்டால் காலர் நிற்கவே நிற்காது. குப்புறப் போட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவிவிடுங்கள். புதுச் சட்டைக்குள் வரும் அட்டையைத் தூக்கி எறியாதீர்கள், அதைக் காலருக்குக் கீழே முதுகின் நடுவில் வைத்து, ஒரு பக்கத்தை அட்டை ஓரத்தோடு உள்ளே மடித்து, கையை அந்த மடிப்பை ஒட்டி நேராகக் கீழே இறக்குங்கள். மறுபக்கமும் அதே. அப்புறம் கீழே இருந்து ஒரு சாண் மடித்து, மறுபடி காலர் வரை மடித்து, அட்டையை உருவினால் எல்லாம் ஒரே அகலம். முதல் மடிப்புக் கோடு இன் பண்ணும்போது பேண்ட்டுக்குள் போய்விடும், இரண்டாவது மடிப்புக்குள் ஒரு பனியனைச் சுருட்டி வையுங்கள், கோடு அழுந்தாது.

வேகம் வேண்டுமென்றால் ஐந்தையும் பட்டன் போட்டு ஒன்றின்மேல் ஒன்றாகக் குப்புற விரித்துவிட்டு மேலிருந்து மடித்து எடுங்கள். ஒவ்வொன்றாக விரிப்பதில்தான் நேரம் போகிறது.

மஞ்சக்குப்பம் அக்கா:
தம்பி, வண்டியில் வாங்கி அப்படியே பையில் என்று எழுதியிருக்கிறீர்களே, சூடு ஆறியதா? சூடும் ஈரமும் இருக்கும்போது பருத்தி எந்த மடிப்பில் கிடக்கிறதோ அதிலேயே படிந்துவிடும். கால் மணி நேரமாவது ஹேங்கரில் தொங்கட்டும். ஐப்பசி கார்த்திகையில் நம் பக்கம் காற்றே ஈரம், அப்போது இன்னும் கொஞ்ச நேரம் விடுங்கள்.

பிள்ளைகளின் டி-சர்ட்டுக்கு அட்டையும் வேண்டாம். முன்பக்கம் மேலே, கழுத்து வலது கைப்பக்கம் இருக்கும்படி விரியுங்கள். நமக்கு எதிர்ப்பக்கத்துத் தோளின் நடுவை வலது கையால் பிடித்து, அதற்கு நேராக உடம்பின் பாதியில் இரண்டு துணியையும் சேர்த்து இடது கையால் கிள்ளிக்கொள்ளுங்கள். தோளை விடாமல் வலது கையை இடது கைக்கு மேலாகக் கொண்டுபோய் அதே நேர்கோட்டில் கீழ் ஓரத்தையும் பிடித்து, கைகளைப் பிரித்துத் தூக்கி ஒரு உதறு, டி-சர்ட்டின் மிச்சக் கையைக் கீழே படுக்கவிட்டு மேலே மடித்தால் முடிந்தது. முதல் நாலைந்து தடவை கை குழம்பும், விட்டுவிடாதீர்கள்.

முத்தியால்பேட்டை வாசி:
சூடாகத்தான் வைத்திருக்கிறேன் அக்கா! இந்த ஞாயிறு ஆறவிட்டு, அண்ணன் சொன்னபடி அட்டை வைத்து மடித்தேன். இன்று காலை எடுத்த சட்டையில் காலர் அப்படியே நிற்கிறது, நெஞ்சில் மட்டும் லேசாக ஒரு கோடு. பனியன் வைக்க மறந்துவிட்டேன்.