20×50 மனையில் நடுமுற்றம்: வைக்கலாமா, வேண்டாமா?

இருபதுக்கைம்பது:
தாம்பரம் பக்கம், கிழக்கு பார்த்த மனை, 20×50 அடி. வடக்கிலும் தெற்கிலும் பக்கத்து வீடுகள் இரண்டு தளம் எழும்பிவிட்டன. எங்களுக்கும் தரைத்தளம், முதல்தளம்தான். நடுவில் 6×8 அடி முற்றம் வானம் பார்க்க விட்டு, ஒரு மரம் வைக்க ஆசை. மேஸ்திரி "இடமும் தண்டம், ஒழுகவும் செய்யும்" என்கிறார். உங்கள் கருத்து?

ஒழுகல்வைத்தியர்:
மேஸ்திரி சொல்றது சரி. 48 சதுர அடி ரெண்டு தளத்துலயும் போகுது. அதைச் சுத்தி நடக்கிற வழியையும் சேர்த்துக்கோங்க. பின்பக்கம் கொஞ்சம் இடம் விடுங்க. மரத்தை அங்க வைங்க, எதிர்ல பெரிய ஜன்னல் போடுங்க. வேலை முடிஞ்சது.

நிழற்கணக்கு:
முடியாது சார். 7 அடி உயரத்துல லிண்டல் (ஜன்னலுக்கு மேல வர்ற விட்டம்) வச்ச ஜன்னல்ல இருந்து உருப்படியான வெளிச்சம் உள்ளே 14, 15 அடிதான் போகும். 50 அடி நீள வீட்டுல நடு ஹால் பகல்லயே டியூப்லைட் கேட்கும். பின்பக்கம் மேற்கு வேற, மத்தியான வெயில் நேரா அடிக்கும். நடந்துபோற வழி தண்டம்னா மாடிப்படியை முற்றத்தை ஒட்டிப் போடுங்க, ரெண்டுக்கும் ஒரே வழி போதும்.

ஒழுகல்வைத்தியர்:
வெளிச்சம் சரி, தண்ணி? 2015 டிசம்பர்ல தாம்பரத்துல ஒரே நாள்ல 49 செ.மீ. கொட்டுச்சு. ஹாலைவிட 6 அங்குலம் பள்ளமான முற்றத்துல குழாய் வாய் அடைச்சா 19 அங்குலம் தண்ணி நிக்கணும். மிச்சம் ஹாலுக்குள்ளதான். ஒரே ஒரு நஹானி ட்ராப் (தரையில வைக்கிற வடிகால் வாய்) வச்சுட்டு, அதையும் சாக்கடை லைன்ல சேர்த்துடுறாங்க. தெருவுல மேன்ஹோல் நிரம்பினா முற்றம்தான் முதல்ல பொங்கும்.

நிழற்கணக்கு:
அது குழாய் போட்ட லட்சணம், முற்றத்தோட குத்தம் இல்ல. 4 அங்குலக் குழாய் ரெண்டு வேணும். ஒண்ணு அடியில, இலை அடைக்காத மாதிரி கூம்பு மூடியோட. இன்னொண்ணு ஹால் தரைக்கு 2 அங்குலம் கீழே, பக்கச் சுவர்ல, அவசரத்துக்கு. ரெண்டும் தனித்தனியா வாசல் வரைக்கும் போய் மழைநீர் உறிஞ்சு குழியில விழணும். 25 அடிக்கு 3 அங்குலம் வாட்டம். வீட்டுக்கு அடியில 90 டிகிரி எல்போ (குழாய் வளைவு) கூடாது, 45 ரெண்டா போடுங்க, அப்பதான் கம்பி விட்டுக் குத்த முடியும். மொட்டைமாடித் தண்ணியில ஒரு சொட்டுகூட முற்றத்துக்கு வரக்கூடாது. அப்போ 10 செ.மீ. மழைக்கு முற்றத்துல விழுறது சுமார் 450 லிட்டர்தான்.

மித்தம்:
செட்டிநாட்டு வீடுகள் நூறு வருஷமா திறந்த முற்றத்தோடுதானே நிற்கின்றன? கொழும்பு 33ஆம் லேனில் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் வீடும் குறுகலான இடம்தான்.

நிழற்கணக்கு:
ரெண்டையும் இங்க ஒப்பிடாதீங்க. செட்டிநாட்டு வளவு (வீட்டு நடுமுற்றம்) அகலம், சுத்தி இருக்கிற கூரை தாழ்வு. பாவா வரிசையா இருந்த நாலு சின்ன வீடுகளை ஒண்ணாக்கினார். இவர் முற்றம் கிணறு மாதிரி ஆழம். ரெண்டு தளம் 20 அடி, கைப்பிடிச் சுவர் 3 அடி, மொத்தம் 23. டிசம்பர் உச்சி வெயில் நம்ம ஊர்ல தெற்கே சாஞ்சு சுமார் 53 டிகிரியில வரும். வடக்கு தெற்கா 6 அடி விட்டா வடக்குச் சுவர்ல மேல இருந்து 8 அடி வரைக்கும்தான் இறங்கும். முற்றத்தைத் திருப்பி, வடக்கு தெற்கா 8, கிழக்கு மேற்கா 6னு வைங்க. கிட்டத்தட்ட 11 அடி இறங்கும். தெற்குக் கைப்பிடிச் சுவரை 9 அங்குலக் கரையோட நிறுத்தி மேல கம்பி போட்டா இன்னும் ரெண்டு அடிக்கு மேல கிடைக்கும். வடக்குச் சுவருக்கு வெள்ளை அடிங்க. எல்லாரும் அங்கதான் கருங்கல் பதிக்கிறாங்க, அது இருக்கிற வெளிச்சத்தையும் குடிச்சிடும்.

இருபதுக்கைம்பது:
அப்படியானால் டிசம்பரில் தரைக்கு வெயிலே வராதா? மரம்?

நிழற்கணக்கு:
நேர் வெயில் வராது. மார்ச்ல இருந்து அக்டோபர் முதல் வாரம் வரைக்கும் உச்சிப் பொழுதுல கொஞ்ச நேரம் வரும். பூக்கிற மரம் ஏமாத்தும். அரிக்கா பாம், மணி பிளான்ட், பாம்புக் கற்றாழை தாங்கும். அத்தி, ஆல் வகை எதுவும் வேண்டாம், வேர் குழாய்க்குள்ள போயிடும்.

ஒழுகல்வைத்தியர்:
முதல்தளத்துல மண்தொட்டி கட்டுறேன்னு கிளம்பிடாதீங்க. ஒன்றரை அடி ஈரமண் சதுர மீட்டருக்கு 850 கிலோ வரும். வீட்டுத் தளத்துக்குக் கணக்குப் போடுற பயன்பாட்டுச் சுமையே 200 கிலோதான். கீழேயும் மண்ணைச் சுவர்ல அணைக்காதீங்க, 6 அங்குலம் தள்ளித் தனிக்கரை கட்டுங்க. இல்லைன்னா ஓதமும் கரையானும் சேர்ந்தே ஏறும்.

மித்தம்:
பேசாமல் மேலே பாலிகார்பனேட் போட்டு மூடிவிட்டால்?

ஒழுகல்வைத்தியர்:
என் ஓட்டு அதுக்குத்தான். மூடினா பாதிப் பிரச்சினை தீருது.

நிழற்கணக்கு:
மே மாசம் அடுப்பு ஆகும். மூடியே ஆகணும்னா சுவருக்கு மேல நாலு பக்கமும் 1 அடி இடைவெளி விட்டுத் தூக்குங்க, சூடு வெளியேறணும். சாரல் உள்ள வராம ஓரம் ஒன்றரை அடி நீட்டுங்க. இடைவெளிக்குத் துருப்பிடிக்காத கம்பிவலை, கொசுவுக்கும் பூனைக்கும் சேர்த்து.

ஒழுகல்வைத்தியர்:
வலையில ஒட்டடை சேர்ந்தா காத்து பாதியாயிடும். ஏணி வச்சுத் துடைக்க வழி விட்டுக்கோங்க. திறந்தே விடுறதா இருந்தா டைல்ஸ் ஒட்டுறதுக்கு முன்னாடி முற்றத்துல தண்ணி கட்டி 48 மணி நேரம் விடணும். மட்டத்தைச் சுவர்ல பென்சில்ல குறிச்சு வைங்க. பக்கத்து அறைச் சுவர் அடியில ஈரம் தெரிஞ்சா மேஸ்திரியை அனுப்பிடாதீங்க.