மின்னூட்டம் அழியாதா, மாறாதா?

அண்ணே, நம் வேதியியல் கலைச்சொல் பட்டியலில் conservation of charge என்பதற்கு 'மின்சுமை அழியாமை' என்று போட்டிருக்கிறீர்கள். மின்சுமை என்றால் மின்பொறியாளர்கள் லோடு என்று எடுத்துக்கொள்வார்கள். தமிழ்நாட்டில் மின்னூட்டம், இலங்கையில் ஏற்றம். இங்கே சிங்கப்பூரில் பிள்ளைகள் வேதியியலை ஆங்கிலத்திலேயே படிப்பதால் எதைச் சொன்னாலும் புதுசுதான், மின்னூட்டத்தையே வைத்துக்கொள்வோம்.

என் தகராறு 'அழியாமை'யோடுதான். அமிலத்தில் காரத்தை ஊற்றுகிறோம், ஹைட்ரஜன் அயனிக்கு +1, ஹைட்ராக்சைடு அயனிக்கு -1, இரண்டும் சேர்ந்தால் தண்ணீர், அதற்கு ஊட்டம் பூச்சியம். "அழியாதுன்னு சொன்னீங்களே சார், ரெண்டும் எங்கே போச்சு?" என்று துணைப்பாட வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டால் என்ன சொல்வது? உள்ளே புரோட்டானும் எலக்ட்ரானும் அப்படியே இருக்கின்றன என்பது சரி, ஆனால் எலக்ட்ரானும், +1 ஊட்டமுள்ள அதன் எதிர்த்துகளான பாசிட்ரானும் மோதினால் அவையே போய், ஊட்டமே இல்லாத காமா கதிர்தான் மிஞ்சும். அங்கேயும் முன்னால் கூட்டினால் பூச்சியம், பின்னால் கூட்டினாலும் பூச்சியம். மாறாதது அந்தக் கூட்டுத்தொகை. அதனால் 'மின்னூட்ட மாறாமை' என்பதே என் பரிந்துரை. இலங்கை வழக்கில் இந்த மாறாமையைக் காப்பு என்று வைத்து, நிறைக்குத் திணிவுக் காப்பு, ஆற்றலுக்குச் சக்திக் காப்பு என்பார்கள், சுருக்கமாக நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நம் ஊரில் காப்பு என்றதும் காப்புறுதி முகவர்தான் ஞாபகத்துக்கு வருவார்.

அப்புறம், சமன்பாட்டைச் சரிபார்க்கும் வேலைக்குத் தனிச்சொல் வேண்டும், 'ஊட்டச் சமன்' போதுமா? வெள்ளி நைட்ரேட் கரைசலில் செம்புக் கம்பியைப் போட்டால் கம்பி மேல் வெள்ளி பளபளவென்று ஊசி ஊசியாகப் படியும், கரைசல் மெல்ல நீலமாகும். இதை எழுதச் சொன்னால் பாதிப் பேர் ஒரு செம்பு, ஒரு வெள்ளி அயனி, அந்தப் பக்கம் ஒரு செம்பு அயனி, ஒரு வெள்ளி என்று எழுதிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். அணுக்கள் இரு பக்கமும் சரியாகவே இருக்கும். ஊட்டத்தைக் கூட்டிப் பார்த்தால்தான் வண்டவாளம் தெரியும், இடப்பக்கம் +1, வலப்பக்கம் +2. செம்பு இரண்டு எலக்ட்ரானை விடுகிறது, வெள்ளி அயனி ஒன்றைத்தான் வாங்கும், ஆக இரண்டு வெள்ளி அயனி வேண்டும். கலைச்சொல் பதிவில் இந்த எடுத்துக்காட்டையே போடுங்கள், அமில காரத்தை விட இதுதான் பிடிபடும்.

நைட்ரேட் இதில் எதிலும் கலந்துகொள்ளாமல் கரைசலில் சும்மா நிற்கிறதே, அதற்கு 'வேடிக்கை அயனி' என்று வைத்தால் யாராவது சண்டைக்கு வருவீர்களா?