லேப்டாப் அணைந்து அணைந்து வந்தது, இப்போது ஆன் ஆகவே இல்லை. அவசரம்!!

தெற்குவாடி, இரவு 9.40
இரண்டு வாரமாக லேப்டாப் திடீர் திடீரென்று நின்றுவிடுகிறது. நேற்று வரை திரும்பப் போட்டால் வந்தது. இன்று காலையிலிருந்து வரவே இல்லை. படகு டீசல் பில், ஆட்களின் பங்குக் கணக்கு எல்லாம் அதில்தான். 14ஆம் தேதி ராத்திரியோடு மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. படகு இறங்குவதற்குள் ஓனருக்குக் கணக்குக் கொடுக்கணும். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

உச்சிப்புளி மெக்கானிக்
என்ன மாடல்? வாங்கி எத்தனை வருஷம்? வரவே இல்லை என்றால் விளக்கு எரிகிறதா, ஃபேன் சுற்றுகிறதா, இல்லை அசைவே கிடையாதா? நிற்கும்போது நீலத் திரை வந்ததா, பொசுக்கென்று அணைந்ததா? இரண்டும் வேறு வேறு நோய்.

ஐஸ்வண்டி
வைரஸ்தான். விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். என் மச்சானுக்கும் இப்படித்தான் ஆச்சு.

மூத்த பயனர்
ஆன் ஆகாத மெஷினில் எங்கே போய் விண்டோஸ் போடுவது, உங்கள் ஐஸ்வண்டியிலா? இதற்கெல்லாம் இங்கே நூறு தடவை பதில் சொல்லியாயிற்று. தேடிப் படித்துவிட்டு வந்தால் எல்லோருக்கும் நேரம் மிச்சம். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்திலிருந்து பார்க்கிறேன், கேள்வி கேட்கவே யாருக்கும் தெரிவதில்லை.

கீழக்கரையான்
கரண்ட் பக்கம் பாருங்கள் தம்பி. காற்றுக் காலத்தில் லைன் வந்து வந்து போகும். சார்ஜரைக் கழற்றுங்கள், பேட்டரியும் கழன்றால் கழற்றுங்கள். பவர் பட்டனை 30 வினாடி அழுத்திப் பிடித்துவிட்டு, அப்புறம் சார்ஜரை மட்டும் மாட்டிப் போட்டுப் பாருங்கள்.

தெற்குவாடி, இரவு 10.25
கீழக்கரைக் காக்கா (அண்ணன்) சொன்ன மாதிரி செய்தேன், வரவில்லை. விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு. மாடல் பேர் அடியில் ஸ்டிக்கரில் இருந்தது, இப்போது வெறும் வெள்ளைக் காகிதம். 2019இல் வாங்கியது, 8 ஜிபி.

உச்சிப்புளி மெக்கானிக்
அப்படியென்றால் முதலில் ரேம், அதாவது உள்ளே செருகியிருக்கும் நினைவகப் பட்டை. அது சரி, லேப்டாப்பை எங்கே வைப்பீர்கள்?

தெற்குவாடி
ஜன்னல் திண்டில். கடலைப் பார்த்த ஜன்னல். காற்று நல்லா வரும், சூடாகாது என்றுதான்.

உச்சிப்புளி மெக்கானிக்
சூடாகாது, ஊறும். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாசத்தில் தெற்கு ஜன்னலில் போட்ட துணிகூடப் பிசுபிசுக்கும். மூடியை விரலால் தடவி நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிக்கும். காற்றில் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே கசிந்து தண்ணீராகும். அது ரேம் காலுக்கும் (ஓரத்துத் தங்கநிறக் கோடுகள்) அதைச் செருகும் ஸ்லாட்டுக்கும் நடுவில் உட்கார்ந்தால் இன்று ஒட்டும், நாளை ஒட்டாது. பேட்டரி கனெக்டரைக் கழற்றிவிட்டு ரேமை எடுங்கள். அந்தக் காலைப் பென்சில் ரப்பரால் லேசாகத் தேயுங்கள். தூளை வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் படும். பிரஷ்ஷால் தட்டுங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்.

மூத்த பயனர்
ரப்பரால் தேய்த்தால் தங்க முலாம் போய்விடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். இதுகூடத் தெரியாமல் மெக்கானிக். தங்கம் துருப்பிடிக்காது, உப்புக் காற்றுக் கதையை விடுங்கள்.

உச்சிப்புளி மெக்கானிக்
தங்கம் துருப்பிடிக்காதுதான் ஐயா. முலாம் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிசு, அதில் கண்ணுக்குத் தெரியாத துளை உண்டு, அடியில் நிக்கலும் செம்பும். பச்சை பூத்த போர்டு என் மேஜையில் இப்போதும் இரண்டு கிடக்கிறது. சரி, ராத்திரி பத்தரைக்குப் பாம்பனில் எந்தக் கடையில் உங்கள் ஆல்கஹால் கிடைக்கும்?

கீழக்கரையான்
1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலமே உப்புக்குத் தோற்றுப்போய் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். 2025இல் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி. லேப்டாப் எம்மாத்திரம்.

மூத்த பயனர்
நூறு வருஷத்துக்கு மேல் நின்றதே, அதை ஏன் சொல்லவில்லை?

தொண்டிக்காரன்
இது தென்கடல்காரர்கள் (மன்னார் வளைகுடா) பிரச்சினை. எங்கள் வடகடல் (பாக் நீரிணை) பக்கம் என் மெஷின் 6 வருஷமாக ஓடுகிறது.

கீழக்கரையான்
வாடை அடிக்கும்போது சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் உங்கள் ஊர் ஜன்னல் கம்பி என்ன ஆகிறது?

தொண்டிக்காரன்
வாடையோடு மழையும் வரும், உப்பைக் கழுவிவிடும். கச்சானில் உங்களுக்கு மழை ஏது? அப்பினது அப்பினபடி நிற்கும்.

ஐஸ்வண்டி
இரண்டு கடல் தண்ணியும் பாம்பனில்தானே கலக்கிறது. அப்புறம், வைரஸ் இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

தெற்குவாடி, மறுநாள் மதியம்
ஓடுகிறது. இரண்டு ரேம் இருந்தது. ஒன்றில் கால் ஓரம் பாசி மாதிரி பச்சை. தேய்த்தும் அதைப் போட்டால் கறுப்புத் திரைதான். மற்றதை மட்டும் போட்டேன், வந்துவிட்டது. கணக்கைப் பென் டிரைவில் ஏற்றிவிட்டேன். நன்றி அண்ணே.

உச்சிப்புளி மெக்கானிக்
நல்ல ரேமை மற்ற ஸ்லாட்டில் போட்டுப் பார்த்தீர்களா? ஸ்லாட்டே போயிருந்தால் புது ரேம் வாங்கியும் பயனில்லை. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐ ஒரு ராத்திரி ஓட விடுங்கள். ஜன்னலிலிருந்து எடுத்தாயிற்றா?

மூத்த பயனர்
ரப்பர் தேய்த்துத்தான் அந்த ரேம் போனது.

உச்சிப்புளி மெக்கானிக், 16ஆம் தேதி
தம்பி?

ஐஸ்வண்டி
படகெல்லாம் இறங்கியாச்சு, இனி அவர் எங்கே இந்தப் பக்கம் வரப்போகிறார். வந்தால் ஒரு தடவை வைரஸ் ஸ்கேன் போடச் சொல்லுங்கள்.