கிரீன்விச் வில்லேஜில் ஆடம்பர அபார்ட்மென்ட்: பக்கத்துத் தெருப் பழைய ஆட்களைச் சந்தித்திருக்கிறீர்களா?

ஹட்சன்கரை எழுதியது:

நியூயார்க்கில், வில்லேஜின் மேற்கு ஓரத்தில், ஆற்றைப் பார்த்த வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். வாசலில் எப்போதும் ஆள், கீழே ஜிம், தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி. வீடு காட்டிய தரகர் வாய்க்கு வாய் "இது கலைஞர்கள் வாழ்ந்த இடம்" என்றார். இந்தப் பகுதியின் வாடகை விளம்பரங்களிலும் அதே பேச்சுதான். வாழ்ந்தவர்களில் பலர் இன்னும் இங்கேயேதான் இருக்கிறார்கள் என்று ஒருவரும் சொல்வதில்லை. அவர்களோடு பேசிப் பழகியவர்கள் இங்கே எழுதுங்கள். முதலில் என் அனுபவம்.

பெத்யூன் தெருவில் வெஸ்ட்பெத் என்றொரு பெரிய கட்டடம் இருக்கிறது. ஒரு காலத்தில் பெல் ஆய்வுக்கூடம் இருந்த இடம். அவர்கள் காலி செய்துபோன பிறகு, ரிச்சர்ட் மையர் என்ற கட்டடக்கலைஞர் அதைக் கலைஞர்களுக்கான வீடுகளாக மாற்றினார். 1970இல் திறந்தார்கள். மொத்தம் 384 வீடுகள், கலைஞர்களுக்குக் கட்டுப்படியாகும் வாடகை. அதே மையர்தான் முப்பது வருடம் கழித்து, சில தெரு தள்ளிப் பெரி தெருவில் பணக்காரர்களுக்கான கண்ணாடிக் கோபுரங்களையும் வடிவமைத்தார். இந்தப் பக்கத்தின் கதை முழுவதும் அந்தச் சில தெருவுக்குள் அடங்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

ஆற்றங்கரைப் பூங்கா பெஞ்சில் அடிக்கடி பார்க்கும் ஒரு வயதான அம்மா அங்கே ஆரம்ப காலத்திலிருந்து குடியிருப்பவர், ஓவியர். வானிலை பற்றிப் பேச ஆரம்பித்து, ஒரு நாள் வீட்டுக்கே கூப்பிட்டார். உயரமான கூரை, வடக்குப் பக்கம் பெரிய ஜன்னல், சுவரோரம் சாய்த்து வைத்த சட்டங்கள். 2012 அக்டோபரில் சாண்டி புயல் வந்தபோது ஆற்றுத் தண்ணீர் அந்தக் கட்டடத்தின் அடித்தளத்துக்குள் புகுந்துவிட்டது. பலர் தங்கள் பழைய படைப்புகளை அங்கேதான் போட்டு வைத்திருந்தார்கள். மார்த்தா கிரஹாம் நடனக் குழுவின் உடைகளும் மேடைப் பொருள்களும்கூட அதில் நாசமாயின.

அவர் தன்னுடையதில் மிஞ்சிய ஒரு கரிக்கோட்டு ஓவியத்தை எடுத்துக் காட்டினார். தாளின் குறுக்கே, பாதிக்குச் சற்று மேலே, வளைந்து வளைந்து ஒரு பழுப்புக் கோடு. தண்ணீர் ஏறி நின்ற மட்டம் அது. கோட்டுக்குக் கீழே எல்லாம் கரைந்து வெறும் சாம்பல் நிறம். மேலே ஒரு பெண்ணின் தோளும் கழுத்தும் மட்டும் அப்படியே இருக்கின்றன. சரிசெய்ய முடியாதா என்று கேட்டேன். "தொட்டால் மிச்சமும் போய்விடும்" என்று சொல்லிப் பழையபடி மெல்லிய தாளை மேலே போட்டு மூடினார்.

எங்களைப் போலப் புதிதாக வந்தவர்கள் மேல் அவருக்குக் கோபமே இல்லை. தங்கள் தலைமுறை போன பிறகு அந்த வீடுகள் மறுபடி கலைஞர்களுக்கே போய்ச் சேருமா என்பதுதான் அவர் கவலை. இப்போது அது என் கவலையும்கூட. இவ்வளவு வாடகை கொடுத்து நாம் இங்கே வந்ததே இப்படிப்பட்டவர்கள் உண்டாக்கி வைத்த ஊருக்காகத்தானே.

ஏழாம் அவென்யூ எழுதியது:

செயின்ட் வின்சென்ட் மருத்துவமனை இருந்த இடத்தில் எழுந்த குடியிருப்பில் இருக்கிறேன். 1849இல் தொடங்கிய மருத்துவமனை அது. 1912இல் டைட்டானிக்கில் பிழைத்து வந்தவர்களில் பலருக்கு அங்கேதான் சிகிச்சை. எண்பதுகளில் எய்ட்ஸ் பரவியபோது, மற்ற இடங்களில் நோயாளிகளைத் தொடவே பயந்த நாட்களில், 1984இல் அவர்களுக்கென்று தனிப் பிரிவு திறந்தார்கள். 2010இல் கடன் தாங்காமல் மூடியாயிற்று. எதிரே முக்கோணப் பூங்காவில், 2016இல் திறந்த வெள்ளை நிற எய்ட்ஸ் நினைவுச் சின்னம் நிற்கிறது.

அங்கே ஒரு பெரியவர் எங்கள் கட்டடத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டேன். "நீங்கள் உள்ளே இருப்பவரா? எந்த மாடி?" என்றார். சொன்னேன். விரலால் ஜன்னல்களை எண்ணிப் பார்த்துவிட்டு, "என் நண்பன் அதற்கு மேல் மாடியில் இருந்தான். கடைசி மூன்று வாரம்" என்றார். எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. உள்ளே வருகிறீர்களா என்று மட்டும் கேட்டேன். வந்தார். நடுவில் உள்ள தோட்டத்தைச் சுற்றி நடந்தார். பழைய செங்கல் சுவரை விட்டுவைத்திருக்கும் ஒரு பக்கத்தில் வந்ததும் நின்று, உள்ளங்கையை அதன் மேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் அந்த நண்பரைப் பற்றி நிறையப் பேசினார். அவர் பியானோ வாசிப்பாராம், மோசமாகச் சமைப்பாராம்.

வீடு வாங்கும்போது தரைக்கு எந்த மரம், சமையலறைக்கு எந்தக் கல் என்றெல்லாம் விளக்கக் குறிப்பேட்டில் இருந்தது. இந்த இடத்தில் என்ன நடந்தது என்பதையும் ஒரு பக்கம் எழுதித் தரலாம். கட்டாயம் தர வேண்டும்.

சாரல் எழுதியது:

சின்னதாக ஒன்று. ஐந்தாம் அவென்யூ 2ஆம் எண் கட்டடத்தில் என் அலுவலக நண்பர் குடியிருக்கிறார். முகப்புக் கூடத்தில் ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. அடியில் ஓடும் மினெட்டா ஓடையின் நீர் அதில் எழும்பும் என்பதற்காக வைத்தது. நான் போனபோது வறண்டு கிடந்தது. வாசலில் வேலை பார்க்கும் பெரியவர்தான் என்னை நிறுத்தி, ஓடை எந்தப் பக்கமிருந்து வந்து எந்தப் பக்கம் போகிறது என்று கை காட்டி விளக்கினார். தினமும் அதைக் கடந்து போகும் என் நண்பருக்கு அதுவரை தெரியாது!

மூன்றாம் மாடி எழுதியது:

மெக்டூகல் தெருப் பக்கம். எங்களுடையது பழைய கட்டடம். காலியான வீடுகளை எல்லாம் புதுப்பித்து, சலவைக்கல் போட்டு, வாடகையைப் பல மடங்கு ஏற்றிவிட்டார்கள். நான் இருப்பது அப்படி ஒன்றில். எதிர்வீட்டுத் தாத்தா வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் இருப்பவர். 1974க்கு முன் கட்டிய, ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகள் உள்ள கட்டடங்களில் இப்படி நிறையப் பேர் உண்டு. வாடகை எவ்வளவு ஏறலாம் என்பதை ஆண்டுதோறும் நகர வாரியம் முடிவு செய்யும். அவர் கொடுப்பது குறைவு என்று கட்டடத்தில் சிலருக்கு எரிச்சல். எனக்கு அந்த எரிச்சல் புரியவே இல்லை. நம் வாடகையை ஏற்றியது அவர் இல்லையே.

இப்போது அந்தச் சிலரே வாஷிங்டன் சதுக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை வாசிக்கும் இசைக்காரர்களைக் கட்டுப்படுத்தச் சொல்லி நகராட்சிக்கு மனு தயாரித்திருக்கிறார்கள். தாத்தாவிடமும் கையெழுத்துக் கேட்டுப் போனார்கள். அவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே கதை சொன்னார். 1961 ஏப்ரல் 9, ஞாயிறு. அங்கே பாட அனுமதி மறுத்ததை எதிர்த்துக் கூட்டம் கூடியபோது, கிடாரும் கையுமாக, தண்ணீரில்லாத நீரூற்றுக்குள் இவரும் உட்கார்ந்திருந்தாராம். போலீஸ் வந்து தள்ளியிருக்கிறது. அந்த வருட ஜனவரியில்தான் பாப் டிலன் என்ற பொடியன் ஊருக்கு வந்து இறங்கி, இதே தெருவின் "கஃபே வா" என்ற காபிக் கடையில் பாட ஆரம்பித்திருந்தான். சதுக்கத்தில் பாடும் அனுமதியும் கொஞ்ச நாளில் திரும்பக் கிடைத்துவிட்டது. "நாங்கள் அடி வாங்கி மீட்டது. நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி வைத்தால் எதிர்க்கலாம், அதில் நானும் சேருவேன். பகலில் ஒருவர் வயலின் வாசிப்பதை நிறுத்தச் சொல்லி மனு போட நமக்கு என்ன உரிமை இருக்கிறது? குடியிருப்போர் கூட்டம் வருகிற வியாழன் மாலை, கீழ்த்தளத்தில். எங்கள் கட்டடத்து ஆட்கள் யாராவது இதைப் படித்தால் வந்து சேருங்கள். தாத்தாவால் இப்போது படி இறங்க முடியவில்லை, அவர் சொல்லச் சொல்லக் கடிதமாக எழுதி வைத்திருக்கிறேன். கூட்டத்தில் வாசிக்கப் போகிறேன்.