நாடகக் கவசத்தில் இடைவெளியும் பொருத்தமும்: திருகோணமலையில் உடுப்புக் கட்டுகிறவர்களின் பகிர்வு

உப்புவெளியில் இருந்து:
பீவீசீ பைப்பைப் பிளந்து செய்த நெஞ்சுக்கவசத்தில் இடைவெளி தெரிந்ததும் பில்லர் (பிளவை அடைக்கிற பூச்சு) டின்னைத் திறக்கிற பழக்கத்தை விடுங்கோ. மேசையில் ஒழுங்காக உட்காருகிற கவசம் உடம்பில் ஏறினதும் வாய் பிளக்கும். உள்சட்டை, வேட்டி, இடுப்புக்கட்டு எல்லாம் கட்டின பிறகு மாஸ்கிங் டேப்பால் பிணைத்துவிட்டு, ஆளைப் பாடச் சொல்லுங்கோ, குனியச் சொல்லுங்கோ, வாளை ஓங்கச் சொல்லுங்கோ. அசைவில் விரிகிற இடத்துக்குப் பென்சிலால் வட்டம், அசையாமல் நிற்கிற இடைவெளிக்குக் கோடு. வட்டம் போட்ட இடத்தில் எந்தப் பசையும் நிற்காது.

விலாதான் முக்கியமான வட்டம். ஆழமாக மூச்சு இழுத்தால் நெஞ்சுச் சுற்றளவு 4, 5 சென்ரிமீற்றர் கூடும். கூத்துப் பாடுகிற ஆளுக்கு அந்த இடம் கட்டாயம் வேணும். முன்தகடு பின்தகட்டின் மேல் 3 சென்ரிமீற்றர் ஏறி நிற்கும்படி வெட்டி, உள்ளே 40 மில்லிமீற்றர் இலாஸ்டிக் பட்டி இரண்டு போட்டால் தகடு வழுக்கி விரியும், உடம்பு வெளியே தெரியாது. இலாஸ்டிக்கை ஒட்டக்கூடாது. 25 மில்லிமீற்றர் நாடாவில் தைத்து, நாடாவைத் தகட்டில் ரிவெட் அடியுங்கோ.

நிலாவெளியில் இருந்து:
அண்ணை சொன்ன ரிவெட்டோடு ஒன்று சேர்க்கிறன். 4 மில்லிமீற்றர் பொப் ரிவெட்டுக்கு உள்பக்கம் வாஷர் கட்டாயம். இல்லாவிட்டால் ரிவெட்டின் வால் பிளாஸ்டிக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். துளை விளிம்பில் இருந்து 12 மில்லிமீற்றராவது உள்ளே இருக்கட்டும். விளிம்பில் வெடிப்பு விழுந்திருந்தால், வெடிப்பு முடிகிற முனையில் 3 மில்லிமீற்றர் துளை ஒன்று போட்டுவிட்டுப் பிறகு உள்பக்கம் தாங்கலாகப் பின்பட்டி ஒட்டுங்கோ. துளை இல்லாமல் ஒட்டினால் வெடிப்பு பட்டியையும் தாண்டி ஓடும்.

மூதூரில் இருந்து:
கோடு போட்ட இடத்துக்கு வருவம். 110 மில்லிமீற்றர் பைப்பை விரித்தால் ஏறத்தாழ 345 மில்லிமீற்றர் அகலத் தகடுதான் கிடைக்கும். பெரிய ஆளின் முதுகுக்கு அது காணாது, நடுவில் ஒரு மூட்டு வரும். மூட்டின் உள்பக்கம் அதே பைப்பில் 25 மில்லிமீற்றர் அகலப் பட்டி வெட்டி வையுங்கோ. இரண்டு பக்கமும் 120 நம்பர் சாண்ட் பேப்பரால் மினுக்கம் போகத் தேய்த்து, தூசி துடைத்து, பைப் ஒட்டுகிற கம் பூசி, துணி கொழுவுகிற கிளிப்பால் நெருக்கிவிட்டு, ஒரு நாள் முழுக்கத் தொடாதேங்கோ. கம் மேலே காய்ந்தாலும் உள்ளே ஈரமாக இருக்கும். அந்த நேரம் வளைத்தால் மூட்டு நழுவிப் படி விழும்.

வெளியே தெரிகிற பிளவு 1 மில்லிமீற்றருக்குள் என்றால் சுப்பர் கம்மும் அப்பச்சோடாவும் போதும். முதலில் சோடாவைத் தூவி, பிறகு ஒரு சொட்டு. உடனே கல்லாகும், புகை கண்ணுக்கு எரியும், முகத்தைத் தள்ளி வையுங்கோ. 1 முதல் 3 மில்லிமீற்றர் வரை வாகனத்துக்குப் பூசுகிற பில்லர். எலுமிச்சம்பழ அளவு பில்லருக்குக் கடலை அளவு ஹார்ட்னர் (பில்லரை இறுக வைக்கிற பசை), அதாவது நூற்றுக்கு 2. எங்கட வெயிலில் மூன்று நான்கு நிமிடத்தில் இறுகிவிடும், சின்னச் சின்னதாகக் குழையுங்கோ. 3 மில்லிமீற்றருக்கு மேல் என்றால் பில்லர் வேண்டாம். மேலே ஒரு அலங்காரப் பட்டியை ஒட்டி மறையுங்கோ. பழைய கவசங்களில் பூவேலைப் பட்டிகள் மூட்டின் மேல் வருவது எவ்வளவு நல்ல யோசனை!

பட்டி வைக்காமல் பூசின பில்லர் ஏன் வெடிக்கிறது என்றால், பீவீசீ சூட்டில் நீளும். 50 சென்ரிமீற்றர் தகடு 30 பாகை சூடேறினால் கிட்டத்தட்ட 1 மில்லிமீற்றர் கூடும். பில்லர் அந்தளவு நீளாது.

கிண்ணியாவில் இருந்து:
மீன்பிடிக்காரரின் நீலப் பிளாஸ்டிக் பரல் மலிவாகக் கிடைக்கிறதென்று அதில் வெட்டுகிறவர்களுக்கு: அதில் பைப் கம், சுப்பர் கம் எதுவும் பிடிக்காது. சந்தேகம் இருந்தால் ஒரு துண்டை நல்ல தண்ணீரில் போடுங்கோ. மிதந்தால் பரல் வகை, தாழ்ந்தால் பீவீசீயோ, ஏபீஎஸ் என்கிற இன்னொரு கடினப் பிளாஸ்டிக்கோ. மிதக்கிறதுக்கு ரிவெட் அல்லது துளை போட்டுக் கயிற்றால் பின்னுவதுதான் வழி. ஏபீஎஸ் என்றால் அசிட்டோனில் அதே பிளாஸ்டிக் சீவலைக் கரைத்துத் தேன் பதத்தில் பூசலாம். அசிட்டோன் தீப்பற்றும், அடுப்புப் பக்கம் வேண்டாம். கியூடெக்ஸ் அழிக்கிற போத்தல் எல்லாம் அசிட்டோன் இல்லை, லேபலைப் பாருங்கோ.

வாடைக் காலத்தில் கவனம். காற்றில் ஈரம் கூடினால் அசிட்டோன் பறக்கிறபோது மூட்டில் பனி பிடித்து வெள்ளை படியும், பிடிப்பும் குறையும். சுப்பர் கம்மும் சுற்றிவர வெள்ளைப் புகை படியவிடும். மழை விட்ட பிற்பகலில் ஒட்டுங்கோ.

சாம்பல்தீவில் இருந்து:
தோள் அகன்று நிற்கிற பிழையைப் பூசி மறைக்க முடியாது, வளைத்துத்தான் எடுக்க வேணும். சூடான காற்று ஊதுகிற ஹீட் கன்னை ஒரு சாண் தூரத்தில் ஆட்டிக்கொண்டே சூடாக்குங்கோ. தகடு தோல் மாதிரித் தொய்ந்ததும் தடித்த துணி சுற்றின மண்குடத்தின் மேல் அமத்தி, ஈரத்துணியால் ஆற்றுங்கோ. ஆள் போட்டிருக்கும்போது ஒருக்காலும் சூடாக்க வேண்டாம். தகடு மண்ணிறமானால் அது கருகுகிறது, வருகிற புகை நெஞ்சுக்குக் கூடாது, திறந்த வெளியில் செய்யுங்கோ.

வளைத்த வடிவம் நிற்க வேணுமென்றால் கவசத்தை வெயிலில் நிறுத்தின வானுக்குள் விடாதேங்கோ. 60 பாகைக்கு மேல் பீவீசீயின் விறைப்புக் குறையும். ஆணியில் கொழுவாமல், பழந்துணி அடைத்த சாக்கின் மேல் உடுத்தி வைத்தால் தோள் விரியாது.