ஆல்-கிரெய்ன் பீர்: தண்ணீர்க் கணக்கு எங்கே தப்புகிறது? (அனுபவப் பகிர்வு)

மேஷ்_மேசை

ஃபெர்மென்டருக்குள் (பீர் நொதிக்கும் கலம்) 21 லிட்டர் போக வேண்டும் என்று திட்டம் போட்டால், கடைசியில் 19-ஓ 24-ஓ வந்து நிற்கும். ஆல்-கிரெய்னில், அதாவது மால்ட் சாறு வாங்காமல் தானியத்திலிருந்தே பீர் காய்ச்சுவதில், இறங்கிய புதிதில் பலருக்கும் நடப்பதுதான். கணக்குச் சூத்திரம் கஷ்டமானதல்ல. சூடான லிட்டரையும் ஆறிய லிட்டரையும் ஒன்றாகப் போட்டுக் கூட்டுவதில்தான் முக்கால்வாசிப் பேர் தவறுகிறார்கள். 20 டிகிரித் தண்ணீர் கொதிநிலைக்கு வரும்போது சுமார் 4 சதவீதம் விரிகிறது. 25 லிட்டருக்கு அதுவே ஒரு லிட்டர்.

அதனால் கணக்கு முழுவதையும் ஆறிய லிட்டரிலேயே போடுங்கள். அதையும் கடைசியில் ஆரம்பித்துப் பின்னோக்கிப் போடுங்கள். உதாரணத்துக்கு 5 கிலோ மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்):

ஃபெர்மென்டருக்கு 21
கெட்டில் (கொதிக்கவைக்கும் பானை) அடியில் ஹாப்ஸும் (கசப்புக்குப் போடும் பூ) கசடுமாக நிற்பது 2 (ஆக 23)
ஒரு மணி நேரக் கொதியில் ஆவியாவது 4 (ஆக 27)
சக்கை (ஊறிய மால்ட்) குடித்து வைத்துக்கொள்வது கிலோவுக்கு 1 வீதம் 5 (ஆக 32)
மேஷ் டன் (மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து வடிக்கும் பாத்திரம்; அந்த ஊறல்தான் மேஷ்) அடியில் வடியாமல் தங்குவது 1 (ஆக 33)

காலையில் அளந்து வைக்க வேண்டியது 33 லிட்டர். 4 சதவீதத்துக்கு இந்தக் கூட்டலில் இடமே இல்லை. அளவுக் குச்சியைக் கொதிக்கும் கெட்டிலுக்குள் விடும்போது மட்டும் அது தேவை: ஆறிய 27 லிட்டர் அப்போது 28 என்று காட்டும். மேஷ் முடிந்து 65 டிகிரி அளவில் பார்த்தால் விரிவு 2 சதவீதம்தான், 27.5 காட்டும்.

மேலே உள்ள 4, 5, 1, 2 எல்லாம் உதாரண எண்கள். ஒவ்வொரு கெட்டிலுக்கும் டன்னுக்கும் இவை மாறும். உங்கள் சாமானுக்கு அளந்த எண்களை இங்கே பகிருங்கள், எப்படி அளந்தீர்கள் என்பதோடு.

குச்சி_அளவு

ஆவியாகிற கணக்கில்தான் பெரிய ஓட்டை. கொதி தொடங்கும்போது 28 லிட்டர், ஆறிய பிறகு 23 லிட்டர், ஆகவே மணிக்கு 5 லிட்டர் போகிறது என்று குறித்துக்கொள்கிறார்கள். அதில் ஒரு லிட்டர் ஆவியாகவே இல்லை, ஆறும்போது சுருங்கியது. பிறகு அந்த 5-ஐ மென்பொருளில் கொடுத்து, அங்கே சுருக்கம் 4 சதவீதம் என்ற கட்டத்தையும் நிரப்புகிறார்கள். ஒரே லிட்டர் இரண்டு தடவை கணக்கில் ஏறி, ஒவ்வொரு பேட்சிலும் ஒரு லிட்டர் மிஞ்சும். காரணம் தெரியாமல் மால்ட்டைக் குறை சொல்வார்கள்.

சரியாக அளக்க வெறும் தண்ணீரே போதும். 20 லிட்டரைத் தராசில் எடை போட்டு ஊற்றுங்கள் (அறை வெப்பத்தில் ஒரு கிலோ ஒரு லிட்டர் என்றே வைத்துக்கொள்ளலாம்). பேட்சுக்கு வைக்கும் அதே தீயில், மூடி இல்லாமல், கொதி வந்ததிலிருந்து 60 நிமிடம் ஓடவிடுங்கள். அணைத்து, மூடி, ஆறியதும் திரும்ப எடை போடுங்கள். வித்தியாசம்தான் உங்கள் எண்.

குச்சியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நேர்ச்சுவர் கெட்டிலில் உள்விட்டம் 36 செ.மீ. என்றால் ஒரு செ.மீ. உயரம் ஏறக்குறைய 1.02 லிட்டர், 40 செ.மீ. என்றால் 1.26 லிட்டர், 50 செ.மீ. என்றால் 1.96 லிட்டர். அகலமான கெட்டிலில் அரை செ.மீ. தப்பாகப் படித்தாலே ஒரு லிட்டர் போச்சு. அதனால் விட்டத்தை மட்டும் நம்பாமல், இரண்டிரண்டு கிலோவாக ஊற்றிக் குச்சியில் கோடு போட்டுக்கொள்வதே நல்லது. அடிப்பகுதியின் வளைவும் அதில் சரியாகிவிடும். பிளாஸ்டிக் வாளியில் அச்சடித்திருக்கும் கோடுகளையும் இதே மாதிரி ஒருமுறை சோதியுங்கள், பல வாளிகளில் அவை சரியாக இருப்பதில்லை.

படிக்கும்போது தீயை அணைத்து, மேற்பரப்பு அடங்கும் வரை பொறுங்கள். சைட் கிளாஸ் (வெளியே இருக்கும் அளவுக் குழாய்) இருந்தாலும் அப்படித்தான், கொதிக்கும்போது அந்தக் குழாயில் குமிழ் ஏறி இறங்கும், படிக்கவே முடியாது. ஆற்றுவதற்கான செப்புச் சுருள் சில்லர் உள்ளே கிடந்தால் வெளியே எடுத்துவிட்டுப் பாருங்கள். 10 மி.மீ. குழாய் 8 மீட்டர் நீளம் இருந்தால் அதுவே 600 மில்லிக்கு மேல் இடத்தை அடைக்கும்.

பாதி_பேட்ச்

ஆவியாவதைச் சதவீதமாகக் கொடுக்கச் சொல்லும் கணிப்பான்கள் உண்டே. எனக்கு 27-க்கு 4, அதாவது 15 சதவீதம் என்று வருகிறது. அப்படியே போட்டுக்கொள்ளலாமா?

குச்சி_அளவு

வேண்டாங்க. எவ்வளவு போகும் என்பதைத் தீயும் கெட்டிலின் வாய் அகலமும் முடிவு செய்கின்றன, உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பது அல்ல. அதே கெட்டிலில் பாதி பேட்ச் போடுகிறீர்கள், கொதி முடிவில் 11.5 லிட்டர் வேண்டும் என்று வையுங்கள். 15 சதவீதக் கணக்கு 13.5 லிட்டரில் தொடங்கச் சொல்லும். உண்மையில் 4 லிட்டர் போய் 9.5-தான் மிஞ்சும். சரியான தொடக்கம் 15.5. சதவீதம் மட்டுமே கேட்கும் கணிப்பான் என்றால் ஒவ்வொரு அளவுக்கும் தனியாகச் சதவீதம் போட்டுக் கொடுங்கள்.

பை_வடிகட்டி

பையில் மேஷ் போடுகிறவர்களுக்கு மேலே உள்ள பட்டியலில் இரண்டு வரி மாறும். தனி டன் இல்லாததால் அடியில் தங்குவது என்று ஒன்று கிடையாது. பையைத் தூக்கிப் பிழிந்தால் சக்கை வைத்துக்கொள்வது கிலோவுக்கு 0.6 லிட்டர் அளவுக்கு இறங்கும், பிழியாமல் தொங்கவிட்டால் அதைவிடக் கூடும். ஆக 27 + 3 = 30 லிட்டர், மொத்தத்தையும் மேஷிலேயே ஊற்றிவிடலாம்.

இங்கே தண்ணீரைவிடப் பானைதான் பிரச்சினை. உடைத்த மால்ட் கிலோவுக்கு 0.67 லிட்டர் இடம் பிடிக்கும். 5 கிலோவுக்கு 3.4 சேர்ந்தால் 33.4 லிட்டர். 35 லிட்டர் கெட்டிலில் விளிம்பு வரை வந்துவிடும், கிளறக்கூட முடியாது. 40 லிட்டர் வேண்டும், இல்லையென்றால் 4 லிட்டரைத் தனியே வைத்து, பையைத் தூக்கியபின் அதன் மேல் ஊற்றி அலசுங்கள்.

பிழிவதையும் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி பண்ணுங்க. ஒரு நாள் பத்து நிமிடம் தொங்கவிட்டு, இன்னொரு நாள் கைவலிக்கப் பிழிந்தால் ஒரு லிட்டர் அங்கேயே மாறும். ஓட்ஸ், கோதுமை அதிகம் போட்டால் சக்கை கூடுதலாகக் குடிக்கும். நெல் உமி சேர்த்தால் அதுவும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும்.

மேஷ்_மேசை

ஸ்பார்ஜ் பண்ணுபவர்கள் (முதல் வடிப்புக்குப் பின் சக்கையை வெந்நீரால் அலசுபவர்கள்) 33 லிட்டரை எப்படிப் பிரிப்பது என்பதும் கேள்விதான். கிலோவுக்கு 3 லிட்டர் என்று 15 ஊற்றினால் சக்கை 5, அடியில் 1 போக முதல் வடிப்பு 9 லிட்டர். மீதி 18 லிட்டரை ஸ்பார்ஜாக ஊற்றினால் அந்த 18-ம் அப்படியே வெளியே வரும், சக்கை முன்பே நனைந்து நிற்கிறது அல்லவா. சக்கைக்கும் அடிக்கும் இரண்டாவது தடவையும் கழிக்கிறவர்கள் இங்கே 6 லிட்டர் கூடுதலாக வைத்துவிடுகிறார்கள்.

பேட்ச் ஸ்பார்ஜில் (அலசும் தண்ணீரை மொத்தமாக ஊற்றிக் கிளறி வடிப்பது) இரண்டு வடிப்பும் சமமாக இருந்தால் சர்க்கரை நன்றாக வரும். 13.5 + 13.5 வேண்டுமென்றால் மேஷுக்கு 19.5, ஸ்பார்ஜுக்கு 13.5. மால்ட்டோடு சேர்த்து டன்னில் 23 லிட்டருக்கு இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அளவு மாறினால் ஊற்றும் தண்ணீரின் வெப்பமும் மாறும், இதை மறந்து மேஷைக் கெடுப்பவர்கள் ஏராளம். மேஷ் வெப்பத்திலிருந்து மால்ட்டின் வெப்பத்தைக் கழித்து, 0.41-ஆல் பெருக்கி, கிலோவுக்கு எத்தனை லிட்டரோ அதால் வகுத்து, மேஷ் வெப்பத்தோடு கூட்டுங்கள். மால்ட் 25 டிகிரி, மேஷ் 66 என்றால்: கிலோவுக்கு 3 லிட்டருக்கு 71.6, 3.9-க்கு 70.3, முழு அளவும் ஊற்றும் 6 லிட்டருக்கு 68.8. குளிர்ந்த டன் இழுக்கும் சூடு இதில் சேராது. கொஞ்சம் வெந்நீர் ஊற்றி டன்னை முன்பே சூடாக்கிவிடுங்கள்.

டன் அடியில் தங்குவதை அளக்க, மால்ட் இல்லாமல் 5 லிட்டர் ஊற்றி, வழக்கம் போல் குழாயைத் திறந்து வடியுங்கள். எவ்வளவு குறைகிறதோ அதுதான். டன்னைச் சாய்த்து வடிப்பது உங்கள் வழக்கம் என்றால் சோதனையிலும் சாயுங்கள்.

ஹாப்ஸ்_தட்டு

எவ்வளவு அளந்தாலும் ஒரு நாள் தப்பும். அன்றைக்கு என்ன பண்ணுவது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

கொதியில் தண்ணீர்தான் போகும், சர்க்கரை போகாது. அதனால் லிட்டரையும் கிராவிட்டியின் (ஹைட்ரோமீட்டர் காட்டும் அடர்த்தி) கடைசி எண்களையும் (1.042 என்றால் 42 புள்ளி) பெருக்கினால் கொதிக்கு முன்னும் பின்னும் ஒரே தொகைதான். பேல் மால்ட் கிலோவுக்கு 300 புள்ளி என்று வைத்தால், 75 சதவீதத் திறனில் (மால்ட்டின் சர்க்கரையில் நமக்குக் கிடைக்கும் பங்கு) 5 கிலோ 1125 தரும். 27 லிட்டரில் அது 1.042, 23-ல் 1.049. இரண்டு லிட்டர் மிஞ்சி 25-ல் நின்றால் 1.045, குறைந்து 21-ல் நின்றால் 1.054. திறன் சரியில்லை என்று புலம்புகிற பலருக்கு மேஷில் எந்தக் குறையும் இருக்காது, லிட்டர்தான் தப்பியிருக்கும். 25 லிட்டரில் 1.045 வந்தால் சர்க்கரை முழுசாக வந்துவிட்டது என்று அர்த்தம்.

கொதிக்கு முன்பே கூடுதல் தெரிந்தால், கசப்பு ஹாப்ஸைப் போடாமல் முதலில் கொதிக்க விடுங்கள். மணிக்கு 4 போகிற கெட்டிலில் 2 லிட்டர் இறக்க அரை மணி. ஹாப்ஸ் போட்ட பிறகு நேரத்தை நீட்டினால் கசப்பு ஏறிவிடும். குறைந்தால் இன்னும் எளிது: தொகையை வேண்டிய புள்ளியால் வகுத்தால் வர வேண்டிய லிட்டர் கிடைக்கும், வித்தியாசத்தைக் கொதி முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது சுடுதண்ணீராக ஊற்றுங்கள். ஸ்பார்ஜை நீட்டி ஈடுகட்டப் போகாதீர்கள். வடிவது 1.010-க்குக் கீழே இறங்கினால் பி.எச். ஏறி, உமியிலிருந்து துவர்ப்பு இறங்கத் தொடங்கும்.

ஹைட்ரோமீட்டருக்கு எடுக்கும் மாதிரியை 20 டிகிரிக்கு ஆற்றியே பாருங்கள், புள்ளியோடு பெருக்கும் லிட்டரும் ஆறிய லிட்டராக இருக்கட்டும். பெல்லட் ஹாப்ஸ் 100 கிராமுக்கு மேல் போகும் ரெசிபி என்றால் கெட்டில் கசடுக்கு வைத்த 2 லிட்டர் போதாது, அரை முதல் ஒரு லிட்டர் கூட்டிக்கொள்ளுங்கள்.

பை_வடிகட்டி

இன்னொன்று: குளோரின் நீக்கக் கேம்ப்டன் மாத்திரை போடுகிறவர்கள் மொத்த 33 லிட்டருக்கும் சேர்த்துப் போடுங்கள், அரை மாத்திரை போதும். மேஷ் தண்ணீருக்கு மட்டும் போட்டு ஸ்பார்ஜை விட்டுவிட்டால் பீரில் மருந்து வாடை வரும். ஜிப்சம், கால்சியம் குளோரைடு மாதிரி உப்புகளை மட்டும் மேஷுக்கும் ஸ்பார்ஜுக்கும் லிட்டர் விகிதத்தில் பிரித்து, ஒரு கிராமுக்குக் கீழே காட்டும் சின்னத் தராசில் நிறுத்துப் போடுங்கள்.