தண்ணி டெஸ்ட் எல்லாம் சரி, மீன் மட்டும் சாகுது (200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி)

பெரம்பூர்_ரீஃப்:

நாலு நாளா தூக்கம் இல்ல, கோர்வையா எழுத வரல, பொறுத்துக்கோங்க.

பெரம்பூர்ல மூணாவது மாடி ஃபிளாட். ஹால்ல 200 லிட்டர் தொட்டி, கீழ கேபினெட்டுக்குள்ள சம்ப்பும் (வடிகட்டுற சின்னத் தொட்டி) ஸ்கிம்மரும் (நுரை கிளப்பி அழுக்கைப் பிரிக்கிற மெஷின்). ரெண்டரை வருஷமா ஓடுது. ஆர்.ஓ. தண்ணில உப்பு கலந்துதான் ஊத்துறேன், டி.டி.எஸ். 3. கடைசியா கொளத்தூர்ல மீன் வாங்கி ஆறு மாசம் ஆச்சு. புதுசா எதுவும் உள்ள போகல.

செவ்வாய் காலைல டாம்சல் மீன் அடியில கிடந்துச்சு. வயசாயிடுச்சுன்னு விட்டுட்டேன். புதன் காலைல கோபி மீன். வியாழன் விடிகாலை அஞ்சு மணிக்குத் தண்ணி குடிக்க எழுந்தா, இட்லி கண்ணாடில மோதி மோதிச் சுத்துது. (கிளவுன் மீன் ஜோடிக்கு என் பொண்ணு வச்ச பேரு இட்லி, சட்னி. பெருசு இட்லி.) உடம்பு வெட்டி வெட்டி இழுத்துச்சு, அப்புறம் அப்படியே சாஞ்சிடுச்சு. பக்கத்துலயே நின்னேன், ஒண்ணும் பண்ண முடியல. சட்னியும் தள்ளாட ஆரம்பிச்சதும் புதுசா கலந்து வச்சிருந்த உப்புத்தண்ணில போட்டு சமையக்கட்டுக்குத் தூக்கிட்டேன்.

அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 10, பி.எச். 8.1, உப்பு 1.025, வெப்பம் 27. ரெண்டு கிட்ல பாத்தாச்சு. ஊர்ல இருந்து வந்திருக்கிற மாமியார், "வீட்டுக்கு வர இருந்தது மீனோட போச்சுன்னு நெனச்சுக்கோங்க மாப்பிள்ளை"ன்னாங்க. ஆறுதலாத்தான் சொன்னாங்க.

வேற என்ன பாக்கணும்?

கோவை_கோரல்:

இவ்வளவு வேகமா அடுத்தடுத்து போனா வெல்வெட்ங்கிற ஒட்டுண்ணி நோய்தான் என் சந்தேகம். லைட்டை அணைச்சிட்டு டார்ச்சைப் பக்கவாட்டுல அடிச்சுப் பாருங்க, மேல தங்கப்பொடி தூவின மாதிரி தெரியும். உறுதியாச்சுன்னா தனித்தொட்டில காப்பர் வைத்தியம். பெரிய தொட்டில காப்பர் ஊத்திடாதீங்க, கல்லு குடிச்சுக்கும், இறாலும் நத்தையும் காலி.

பெரம்பூர்_ரீஃப்:

சட்னி மேல டார்ச் அடிச்சுப் பாத்துட்டேன், பொடி இல்ல. புது தண்ணிக்குப் போன மறுநாளே தெளிஞ்சிடுச்சு, தீனியும் எடுக்குது. இன்னொண்ணு எழுத மறந்துட்டேன்: ஞாயித்துக்கிழமையே கிளீனர் இறால் ரெண்டும் செத்துப்போச்சு. தோல் உரிக்கிறப்ப ஏதோ ஆயிடுச்சுன்னு நெனச்சேன்.

பாம்பன்காரன்:

அதை முதல்ல சொல்லக் கூடாதா தம்பி! கதையே அங்கதானே இருக்கு.

வெல்வெட் மீனைத்தான் பிடிக்கும், இறாலைத் தொடாது. இறால் முன்னால போய் மீன் பின்னால போனா அது நோய் இல்ல, விஷம். இப்ப ரெண்டு கேள்வி. நத்தை உயிரோட இருக்கா? வீட்ல கொசுவுக்கு என்ன வைக்கிறீங்க?

பெரம்பூர்_ரீஃப்:

நத்தை ஆறும் ஜோரா கண்ணாடில ஏறுது அண்ணே. நண்டு மூணுல ஒண்ணைக்கூட காணோம், வெறும் ஓடுதான் கிடக்கு.

கொசுவுக்கு நாங்க வலைதான் கட்டுவோம்னு டைப் பண்ணிட்டு, எதுக்கும் இருக்கட்டும்னு எழுந்து பாத்தேன். மழை பிடிச்சதுல இருந்து மாமியார் ஹால்லதான் படுக்கிறாங்க. கேபினெட் பக்கத்துப் பிளக்ல லிக்விட் கொசுவிரட்டி! ஸ்கிம்மரோட காத்துக்குழாய்க்கும் அதுக்கும் ஒரு சாண் தூரம் கூட இல்ல. ராத்திரி ஜன்னலும் சாத்திடுவோம். பாட்டில்ல டிரான்ஸ்ஃப்ளூத்ரின்னு போட்டிருக்கு.

பாம்பன்காரன்:

அதேதான்னு படுது. பைரித்ராய்டு வகை அது. பூச்சி நரம்பைப் பிடிக்கிற மருந்து. இறாலும் நண்டும் பூச்சிக்குப் பங்காளிங்க, அதனால முதல்ல விழும். மீனுக்கும் துளி போதும், அந்த வெட்டி இழுக்கிறது நரம்பு வேலை. நத்தை தாங்கிக்கும். காப்பரா இருந்தா நத்தையும் கீழ விழுந்திருக்கும். ஸ்கிம்மர் ராத்திரி பூரா ஹால் காத்தை உறிஞ்சித் தண்ணிக்குள்ள நுரைக்கிற மெஷின், வேற என்ன வேணும்? உங்க கிட் எதுவும் இதைக் காட்டாது.

கொசுவிரட்டியை எடுத்துடுங்க. புது ஆக்டிவேட்டட் கார்பன் (விஷத்தை உறிஞ்சுற கரி) நிறைய போட்டு, நாலு நாள்ல அதையும் மாத்துங்க. 30 சதவீதம் தண்ணி ரெண்டு தடவை மாத்துங்க. காத்துக்குழாயை பால்கனிக்கு இழுங்க, தெருவுல புகை மருந்து அடிக்கிற அன்னிக்கு மட்டும் ஸ்கிம்மரை நிறுத்திடணும்.

அவசரப்பட்டு மீன் வாங்காதீங்க. ஆர்ட்டீமியா (மீன் தீனிக்கு வளர்க்கிற பொடி உப்புநீர் இறால்) முட்டை பொரிச்சு ரெண்டு கண்ணாடி டம்ளர்ல விடுங்க, ஒண்ணுல தொட்டித் தண்ணி, ஒண்ணுல புது உப்புத்தண்ணி. அது கெட்டியான உயிர். அதுவே படுத்துடுச்சுன்னா தண்ணில விஷம் இருக்கு. படுக்கலன்னா விஷமே இல்லன்னு அர்த்தமும் இல்ல.

கோவை_கோரல்:

வெல்வெட்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். எங்க வீட்டு ஏர் பம்பை இப்பதான் பெட்ரூம்ல இருந்து மாத்தினேன்.

பெரம்பூர்_ரீஃப் (மூணு வாரம் கழிச்சு):

அன்னிக்கு ராத்திரியே டம்ளர் வச்சேன். விடிஞ்சப்ப தொட்டித் தண்ணி டம்ளர்ல முக்கால்வாசி அடியில கிடந்துச்சு, புது தண்ணில எல்லாம் நீந்துச்சு. கார்பன் ரெண்டாவது தடவை மாத்தினப்புறம் ரெண்டு டம்ளரும் ஒரே மாதிரி. போன வாரம் ஒரு இறால் விட்டேன், இன்னிக்குத் தோல் உரிச்சிருக்கு, ஆள் தெம்பா இருக்கு. சட்னி திரும்பவும் தொட்டிக்கு வந்தாச்சு.

மாமியார்கிட்ட காரணத்தைச் சொல்லல. "இந்தப் பிளக் ஷாக் அடிக்குது"ன்னு சொல்லி வலை கட்டிக் கொடுத்துட்டேன்.

சட்னிக்கு ஜோடி எப்ப வாங்கலாம் அண்ணே? ஆண் மீன் அது, பெண்ணா பாத்து வாங்கணுமா?

பாம்பன்காரன்:

இன்னும் ஒரு மாசம் போகட்டும். பெண்ணெல்லாம் தேட வேண்டாம், சட்னியை விடச் சின்னதா ஒரு குட்டி போதும். கிளவுன் எல்லாம் ஆணாத்தான் ஆரம்பிக்கும், பெருசு போனா அடுத்தது பெண்ணா மாறிடும். உங்க சட்னி இப்பவே மாற ஆரம்பிச்சிருக்கும்.

பெரம்பூர்_ரீஃப்:

பொண்ணுகிட்ட சொன்னேன். அப்ப இனிமே சட்னிதான் இட்லியா, புதுசு சட்னியான்னு கேக்குறா. சாம்பார்னு வச்சுக்கலாம்னு பேசி முடிச்சிருக்கோம்.